"போதும்" என்று ஒருவரும் சொல்லவில்லை

போன மாதம் ஒரு பயிற்சி வகுப்பில் பேசக் கூப்பிட்டார்கள். நன்னடத்தை அதிகாரியாகப் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், எல்லாம் இளசுகள். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் சொன்னாள், "உங்க காலத்துல 'இளங்குற்றவாளி'ன்னு எழுதினீங்க மேடம். இப்ப அப்படி எழுதக்கூடாது. பிள்ளைன்னுதான் எழுதணும்."

நல்லது என்றேன். பெயரை மாற்றியதில் எனக்கு வருத்தமில்லை. பெயரை மாற்றியதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்களைப் பார்த்தால்தான் எரிகிறது. சபை மரியாதைக்காக அன்று பாதியை விழுங்கிவிட்டேன். விழுங்கியதை இங்கே எழுதுகிறேன்.

நான் ஈப்போவில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். எழுபதுகளின் நடுவில் சமூகநல வேலையில் சேர்ந்தேன். கோலாலம்பூரில் பயிற்சி கொடுத்தார்கள். லண்டன் பையன்கள் ஏன் திருடுகிறார்கள் என்று தடித்தடியான புத்தகங்களைப் படித்தோம். தோட்டத்துப் பையன் ஒருவன்கூட அதில் வரவில்லை. பயிற்சி முடிந்ததும் கேமரன் மலைக்குத் தமிழ் தெரிந்தவள் வேண்டும் என்று தானா ராத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். லயத்து ஜனங்களுக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்தவர்களுக்கு, என் பெயர் கடைசிவரை தெரியாது. 'வெல்பேர் மிஸி' என்றுதான் கூப்பிடுவார்கள்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். வயது வராத பிள்ளையைப் போலீஸ் பிடித்தால் நான் அவன் வீட்டுக்கும் பள்ளிக்கும் போய் விசாரித்து அறிக்கை எழுத வேண்டும். சிறார் நீதிமன்றத்தில் மாஜிஸ்திரேட் அதைப் படிப்பார். பிறகு அவர் இரண்டில் ஒன்றைச் செய்வார். என் மேற்பார்வையில் பிள்ளையை வீட்டுக்கே அனுப்புவார். இல்லையென்றால் கீழ்நாட்டில் இருக்கும் சீர்திருத்தப் பள்ளிக்கு மூன்று வருடம் அனுப்புவார். நான் பார்த்த ஒவ்வொரு பிள்ளைக்கும் கேள்வி இது ஒன்றுதான். வீடா, பள்ளியா?

சட்டம் படிக்க அழகாக இருக்கும். பிள்ளைகளைப் பெரியவர்களோடு அடைக்கக்கூடாது. எங்கள் மலையில் தனி இடம் கிடையாது, அதனால் லாக்கப்பில் ஒரு மூலையில் வைத்து நடுவில் பெஞ்சைப் போடுவார்கள். அந்தப் பெஞ்சுதான் தனி இடம். விசாரணை அறையில் போலீஸ்காரர் சீருடையில் இருக்கக்கூடாது. எங்கள் போலீஸ்காரர் சட்டைக்கு மேலே ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு வருவார், கீழே காக்கிக் கால்சட்டை அப்படியே தெரியும். வழக்கமான கோர்ட்டில் பிள்ளையை நிறுத்தக்கூடாது. அதனால் மாவட்ட அலுவலகத்தின் கூட்ட அறையில் நடத்துவார்கள். அதே மாஜிஸ்திரேட், அதே முகம், மேசை மட்டும் வேறு. அவருக்கு ஆலோசனை சொல்ல இரண்டு பெரிய மனிதர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் வாயைத் திறந்து நான் அதிகம் கேட்டதில்லை.

என் மேலதிகாரி என்சிக் ஹாஷிம்; என்சிக் என்றால் மலாயில் திரு. கம்பத்துக்காரர், அதாவது மலாய்க் கிராமத்திலிருந்து வந்தவர், ஒல்லி, அதிகம் பேச மாட்டார். பென்சிலைச் சீவிக்கொண்டே என் அறிக்கையைப் படிப்பார். முதல் அறிக்கையில் 'கெட்ட சகவாசம்' என்று எழுதியிருந்தேன்.

"யாரோடு?" என்று கேட்டார்.

"சில பையன்களோடு."

"பெயர் தெரியுமா?"

"தெரியாது."

அந்த வரியை அடித்தார். அடுத்து 'பொறுப்பில்லாத தாய்' என்று இருந்தது. அதையும் அடித்தார். "அம்மா எத்தனை மணிக்கு மலைக்குப் போகிறாள், எப்போது திரும்புகிறாள் என்று எழுது. பொறுப்பு உண்டா இல்லையா என்று படிக்கிறவன் முடிவு செய்யட்டும்." என் அறிக்கை பாதியாகக் குறைந்துவிட்டது. அழுகை வந்தது. அவர் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

அவருக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. ஆபீஸ் நேரத்தில் வீட்டுக்குப் போகக்கூடாது, அந்த நேரத்தில் பெற்றவர்கள் மலையில் இருப்பார்கள். கொடுத்த தேநீரைக் குடிக்க வேண்டும். எத்தனை பாய் இருக்கிறது, யார் எங்கே படுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பிறகு ஒரு கேள்வி கேட்க வேண்டும்: காலையில் இந்தப் பிள்ளையை எழுப்புவது யார்? இதற்கு யோசிக்காமல் பதில் வந்தால் அந்தப் பிள்ளைக்கு வீடு இருக்கிறது என்பார். பதில் வராமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் வேறு ஏற்பாடு தேட வேண்டும் என்பார். என் பயிற்சிப் புத்தகம் எதிலும் இது இல்லை. முப்பது வருடமாக நான் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

இன்னொன்றும் செய்தார். மேற்பார்வையில் இருக்கும் பையன்கள் வாராவாரம் என்னை வந்து பார்க்க வேண்டும். ஆபீஸுக்கோ ஸ்டேஷனுக்கோ வந்தால் ஊரே பார்க்கும். அதனால் கம்போங் ராஜாவில் காதர் பாய் கடையில் வைத்துக்கொள் என்றார். பாய் தமிழ் முஸ்லிம். ரொட்டிச்சானாய்க் கடை, பெரிய தொப்பை, பெரிய வாய். பையன் உள்ளே நுழைந்ததும் "வாங்க கோர்ட்டு மாப்பிள்ளை, இந்த வாரம் எத்தன மாலை விழுந்துச்சு?" என்று கத்துவார். அப்புறம் தானே ரொட்டி போட்டுக்கொடுப்பார். அப்படி வந்த பையன்களில் பலர் நல்லபடியாக இருந்தார்கள். அதை யாரும் செய்தித்தாளில் போடுவதில்லை.

இனி குமரேசன்.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது. வடக்கு ரோட்டில் ஒரு தேயிலைத் தோட்டம். அப்பா சின்னசாமி ஃபேக்டரியில் வேலை. அம்மா லெட்சுமி கொழுந்து பறிப்பவள். குமரேசனுக்குப் பதின்மூன்று வயது. பள்ளி விட்டதும் கோலா தெர்லாவுக்குப் போய்க் காய்கறித் தோட்டத்தில் கோபிஸ் மூட்டை, முட்டைக்கோஸைத்தான் அப்படிச் சொல்வோம், ஏற்றிக் கொடுப்பான். ஒரு நாள் மேட்டில் நின்ற லோரியில் ஏறி உட்கார்ந்து பிரேக்கை எடுத்துவிட்டான். லோரி உருண்டு கோபிஸ் பாத்திகளை மிதித்துக்கொண்டு போய் உரக்கொட்டகையில் முட்டி நின்றது. யாருக்கும் அடியில்லை. லோரிக்காரன் போலீஸில் எழுதிக்கொடுத்தான். வாகனத் திருட்டு என்று கேஸ் ஆனது.

லாக்கப்பில் அந்தப் பெஞ்சுக்குப் பின்னால் குந்தியிருந்தவனிடம் கேட்டேன், "ஏண்டா லோரியத் திருடினே?"

"திருடல மிஸி. ஸ்டியரிங் எப்படி இருக்குன்னு பாத்தேன்."

"பாத்தியா?"

"பாத்தேன். கனமா இருந்திச்சு."

சிரிப்பை அடக்க நான் சன்னல் பக்கம் திரும்ப வேண்டியிருந்தது.

சாயங்காலம் லயத்துக்குப் போனேன். லெட்சுமி அப்போதுதான் மலையிலிருந்து இறங்கியிருந்தாள். விரலெல்லாம் தேயிலைக் கறை. தேநீர் கொடுத்தாள், குடித்தேன். பாய்களைப் பார்த்தேன். அப்பாவுக்கும் தம்பிக்கும் நடுவில் குமரேசன் படுப்பான். யார் எழுப்புவது என்று கேட்டேன்.

"அவங்கப்பாதான் மிஸி. பெரட்டுக்கு ஓடுற அவசரத்துலயும் இவன எழுப்பி விட்டுட்டுத்தான் போவாரு," என்றாள் லெட்சுமி. யோசிக்கவே இல்லை. பெரட்டு என்பது விடியலில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பது.

சின்னசாமி கதவோரமாக நின்றார். பையன் எப்படி என்று கேட்டேன். "என்னமோ இருக்கான்" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

வீட்டுக்கே அனுப்பலாம் என்று எழுதினேன். என்சிக் ஹாஷிம் அந்த அறிக்கையில் ஒரு வரியையும் அடிக்கவில்லை. கோர்ட்டுக்கு முதல் நாள் சின்னசாமியிடம் சொல்லி வைத்தேன், "கேட்டதுக்கு மட்டும் உள்ளதச் சொல்லுங்க. பயப்படாதீங்க."

"சரிங்க மிஸி. எப்படிப் பேசணும்னு கங்காணியும் சொல்லிக் குடுத்திருக்காரு," என்றார். எனக்கு அது ஒன்றும் தப்பாகப் படவில்லை.

மாஜிஸ்திரேட் வயதில் சிறியவர். கெட்டவர் இல்லை. கண்ணாடி போட்டிருப்பார், சத்தம் போட மாட்டார். அறிக்கையைப் புரட்டினார். தலையாட்டினார். அப்புறம் தகப்பனைப் பார்த்து, "உன் மகனை உன்னால் கட்டுப்படுத்த முடியுமா?" என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் கேட்டார்.

சின்னசாமி இரண்டு எட்டு முன்னால் போனார். குமரேசன் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். அடுத்த அறை விழுவதற்குள் ஸ்வெட்டர் போட்ட போலீஸ்காரர் கையைப் பிடித்தார். சின்னசாமி மாஜிஸ்திரேட்டைப் பார்த்துக் கும்பிட்டுக் கத்தினார்:

"துரை, இவன் எனக்கு அடங்காதவங்க. பொறந்ததுலேர்ந்தே தறுதலைங்க. என் கண்ணுல முழிக்கவே வேணாம். நீங்களே வச்சுக்குங்க. வெட்டிப் போட்டாலும் நான் ஏன்னு கேக்க மாட்டேன்!"

பின்னால் இருந்து லெட்சுமியும், "ஆமாங்க துரை, எனக்கும் வேணாங்க," என்றாள்.

மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு சொல்லையும் சரியாகச் சொன்னார். அவர் மேல் தப்பில்லை. மாஜிஸ்திரேட் எழுதினார். பேனா ஓடிக்கொண்டே இருந்தது. நான் எழுந்து பேச அனுமதி கேட்டேன். இந்தக் குடும்பம் நல்ல குடும்பம், தகப்பன் பயத்தில் பேசுகிறார் என்றேன். "நீங்கள் ஒரு சாயங்காலம் பார்த்தீர்கள். தகப்பன் பதின்மூன்று வருடமாகப் பார்க்கிறான்," என்றார் அமைதியாக. அவர் சொன்னதில் நியாயம் இருப்பது போலத்தான் கேட்டவர்களுக்குப் பட்டிருக்கும். மூன்று வருடம். பக்கத்தில் இருந்த இரண்டு பெரிய மனிதர்களும் தலையாட்டினார்கள்.

குமரேசனைப் பின்வாசல் வழியாக வேனுக்குக் கொண்டு போனார்கள். நான் முன்பக்கம் வந்தேன். சின்னசாமியும் லெட்சுமியும் வராந்தாவில் நின்றிருந்தார்கள். லெட்சுமி கையில் பையனுடைய ஸ்வெட்டர். வெளியே வந்ததும் போட்டுவிட வைத்திருந்தாள்.

"பையன எப்ப விடுவாங்க மிஸி?" என்று கேட்டார் சின்னசாமி.

நான் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. மறுபடியும் சொன்னேன்.

"இல்ல மிஸி, நான்தான் அடிச்சுட்டேனே," என்றார். "துரை இன்னும் 'போதும்'னு சொல்லல. சொல்லுவாரு. நாங்க நிக்கிறோம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தோட்டத்தில் பையன் தப்புச் செய்து மேனேஜர் துரை கையில் மாட்டினால் தகப்பன் முந்திக்கொள்ள வேண்டும். துரை வாயைத் திறப்பதற்குள் தானே அடித்து, தானே திட்டி, 'இவன் எனக்கு வேண்டாம்' என்று பிள்ளையைக் காலடியில் போட்டுவிட வேண்டும். துரைக்கு மனசு இறங்கும். "போதும், போதும், கூட்டிக்கொண்டு போ" என்பார். அதோடு முடிந்தது. வீட்டுக்குப் போய் அம்மா எண்ணெய் தடவுவாள். மூன்று தலைமுறையாக அவர்களுக்குத் தெரிந்த ஒரே வக்கீல் வேலை இது. பிள்ளைக்காக எவ்வளவு கெஞ்ச முடியுமோ அவ்வளவும் கன்னத்தில் விழுந்த அந்த ஒரு அறையில் இருந்தது. அதைத்தான் மாஜிஸ்திரேட் வாக்குமூலமாக எழுதிக்கொண்டார்.

ஈப்போக்காரி எனக்கு இது தெரியாது. கம்பத்துக்காரர் ஹாஷிமுக்கும் தெரியாது. தெரிந்த சனங்கள் வராந்தாவில் நின்றார்கள். அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ஒரு பிள்ளையின் மூன்று வருடத்தை எடுத்துக்கொள்ளப் போகிறாய், 'ஏனப்பா இப்படிச் சொல்கிறாய்?' என்று அவன் தகப்பனிடம் இன்னொரு கேள்வி கேட்டால் என்ன குறைந்துவிடும்? அடுத்த கேஸுக்கு நேரமாகிவிட்டது, அவ்வளவுதான்.

என்சிக் ஹாஷிம் மேலிடத்துக்கு எழுதினார். தகப்பன் வாயாலேயே சொல்லியிருக்கிறான், மாற்றக் காரணமில்லை என்று பதில் வந்தது. அதை இரண்டு முறை படித்துவிட்டு, "நாம் வீட்டைப் பார்த்தோம். கோர்ட்டில் என்ன சொல்லுவார்கள் என்று கேட்கவில்லை. இனிமேல் கேட்போம்," என்றார். அதற்குப் பிறகு எந்தத் தோட்டத்துக் கேஸானாலும் இந்த வழக்கத்தை விளக்கி ஒரு பத்தி எழுதி அறிக்கையோடு வைத்தோம். பெற்றவர்களை முன்கூட்டியே கூப்பிட்டுப் பேசினோம். பிள்ளையைத் திட்டாதீர்கள், நல்லவன் என்று சொல்லுங்கள் என்போம். அது லேசான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு தாய் கேட்டாள்:

"சபையில எப்படி மிஸி பெத்த புள்ளயப் புகழ்றது? கண்ணு பட்டுடும் லா."

"கோர்ட்டுல யாரு கண்ணும்மா படும்?"

"அந்தக் கண்ணாடிக்காரரு கண்ணுதான்!"

குமரேசனை மாதம் ஒருமுறை போய்ப் பார்த்தேன். அவனை அங்கே யாரும் கொடுமைப்படுத்தவில்லை. தச்சு வேலை கற்றுக்கொடுத்தார்கள், வேளாவேளைக்குச் சோறு போட்டார்கள். அவனிடமிருந்து பேச்சுதான் போய்விட்டது. என்ன கேட்டாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு "ஆமாங்க மிஸி" என்பான். ஸ்டியரிங் கனமாக இருந்தது என்று சொன்ன பையனைக் காணவில்லை. அப்பா அம்மாவைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவன் அன்றைக்கு அந்தக் கூட்ட அறையில் கேட்டதை நம்பிவிட்டான் என்பது எனக்குத் தெரிந்தது. பெரியவர்கள் நம்பினார்கள், பிள்ளை ஏன் நம்ப மாட்டான்?

நடத்தை நன்றாக இருந்தால், ஒரு வருடம் கழிந்த பிறகு, பள்ளியை வந்து மேற்பார்க்கும் வருகையாளர் குழு முன்கூட்டியே விடலாம். அதற்குத் தகப்பன் நேரில் வந்து ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்ல வேண்டும். காதர் பாய் கடையில் ஒத்திகை வைத்தேன். பாய் கல்லாவுக்குப் பின்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான்தான் மாஜிஸ்திரேட்டு. சொல்லு சின்னசாமி, ஒம் மவன் எப்படி?"

"தறு..."

"போச்சு! மூணு வருசம்! அடுத்த கேஸக் கூப்பிடு!"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சின்னசாமி சிரிக்கவில்லை. "இன்னொருக்கா கேளுங்க பாய்," என்றார். வாரக்கணக்கில் வந்தார். 'நல்ல பையன்ங்க, நான் பாத்துக்குவேன்.' நான் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான். கையைப் பின்னால் கட்டிக்கொள்ளவும் சொன்னேன். பழக்கத்தில் அடித்துவிடக்கூடாது என்று பயம்.

அந்த நாளும் வந்தது. வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்துச் சீவிய தலை. ஆபீஸ் லேண்ட்ரோவரில் கூட்டிக்கொண்டு போனேன். நீள மேசைக்குப் பின்னால் குழுவினர் உட்கார்ந்திருந்தார்கள். குமரேசன் ஓரமாக நின்றான். ஒரு வருடத்தில் வளர்ந்துவிட்டான். நானே மொழிபெயர்த்தேன்.

"கோர்ட்டில் வேண்டாம் என்று சொன்னவன் நீதானே? இப்போது எதற்கு வந்தாய்?" என்று தலைவர் கேட்டார்.

"நல்ல பையன்ங்க," என்றார் சின்னசாமி. "நான் பாத்துக்குவேன்."

"எப்படிப் பார்த்துக்கொள்வாய்?"

இதற்கு நாங்கள் ஒத்திகை பார்க்கவில்லை. சின்னசாமி என்னைப் பார்த்தார். என்னால் உதவ முடியாது. பின்னால் கட்டியிருந்த கை தானாக அவிழ்ந்தது. அடித்துவிடுவாரோ என்று நான் ஒரு எட்டு முன்னால் வைத்தேன்.

"காலைல எழுப்புவேங்க," என்றார். "கூப்புட்டா எழும்ப மாட்டான். போர்வைய இழுத்தாலும் எழும்ப மாட்டான். கால் கட்டைவெரலப் புடிச்சு இழுக்கணும்ங்க, அப்பதான் எழும்புவான். இப்பவும் பெரட்டுக்குப் போறப்ப இருட்டுல கைய நீட்டிடறேங்க. பாய்தான் இருக்குது."

கட்டைவிரலுக்கு மலாயில் என்ன சொல் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அது வாயில் வரக் கொஞ்ச நேரம் ஆனது.

அன்றைக்கே விட்டுவிட்டார்கள்.

திரும்பும்போது சின்னசாமி முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். பின்னால் நானும் குமரேசனும். தாப்பாவிலிருந்து மலை ஏறினோம். ரிங்லெட் வந்ததும் குளிர் உள்ளே ஏறியது. லெட்சுமி கொடுத்துவிட்ட ஸ்வெட்டரை எடுத்து நீட்டினேன். அதன் கை இப்போது மணிக்கட்டுவரை எட்டவில்லை, ஆனாலும் மாட்டிக்கொண்டான். முன்சீட்டைப் பார்த்தபடி கேட்டான்:

"மிஸி, 'நல்ல பையன்'னு அப்பாவுக்கு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?"

அவனிடம் பொய் சொல்லக்கூடாது. போதுமான பொய்யை அவன் கேட்டுவிட்டான்.

"ஆமாடா. நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

தலையாட்டினான். எதிர்பார்த்ததுதான் என்பது போல.

"கட்டைவெரல் விசயம் எனக்கு எப்படிடா தெரியும்?" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். அப்புறம் குனிந்து தன் காலைப் பார்த்தான். சிலிப்பருக்குள்ளே விரல்களை மெதுவாக மடக்கிக்கொண்டான்.